நீங்கள் ஒப்புக்கொள்ளாத என் தீர்மானம்

அண்ணே,

காலையில் இருந்து எங்கள் வாசலில் மைதா பசை கொதிக்கிறது. என் சின்ன மகன் குமார் எண்ணெய் டின்னில் மாவைக் கரைத்து, கல் கூட்டி, சவுக்குக் கட்டை போட்டு எரித்துக்கொண்டிருக்கிறான். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போட்டுக் கிளறியதும் ஒரு வாசனை வருமே, கஞ்சி வாசனையும் கரிப்பும் சேர்ந்த மாதிரி, அது வீடு முழுக்க நிறைந்துவிட்டது. தேர்தல் இல்லாத நாளில் இந்த வாசனை எதற்கு என்று எட்டிப் பார்த்தேன். திண்டு போல அடுக்கி வைத்த போஸ்டரில் எல்லாம் உங்கள் முகம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

மீசை கறுப்பாக இருந்த காலத்துப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருந்தால், "யார்யா இவன், மாப்ள கணக்கா கீறான்?" என்று கேட்டிருப்பீர்கள். படத்துக்குக் கீழே 'தலைமை இட்ட கட்டளையை மீறாத உண்மைத் தொண்டர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதை அச்சடித்துக் கொடுத்தவர்களே ஒரு காலத்தில் உங்களைத் துரோகி என்று சொன்னவர்கள்தான். சிரித்துக்கொண்டே இருந்தேன், எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. குமார் பசையைக் கிளறுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். உள்ளே வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என் பேத்தி கீர்த்தனா, "ஆயா, நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான், என் எழுத்து கோணலாகத்தான் வரும். இருந்தாலும் உங்களுக்கு எழுதுவதை இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பெருமை அதிகம் என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் எங்கள் ஒன்றியத்துக்குச் செயலாளர். நான் சதுரங்கப்பட்டினத்தில் மகளிர் அணி. பெயருக்கு அணி, வேலை என்னவோ கூட்டத்துக்குப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான். என் வீட்டுக்காரரை நீங்கள் மச்சான் என்பீர்கள். செய்யூர்ப் பக்கத்துச் சவுக்கைச் சென்னைக்கு ஏற்றிப் போகும் லாரியில் அவர் ஓட்டுநராக இருந்த காலத்தில் இருந்தே உங்கள் இருவருக்கும் பழக்கம். சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்ட பிறகும், நீங்கள் வந்து உட்கார்ந்தால் அவர் முகத்தில் லாரி ஓட்டிய காலத்துத் தெளிவு வந்துவிடும்.

அன்றைக்கும் வேன் விஷயமாகத்தான் வந்தீர்கள்.

"இன்னாமா, மச்சானுக்கு இன்னிக்கி மிஷினா?"

"நாளிக்கு அண்ணே. உக்காருங்க."

"உக்காந்தா டீ குடுப்ப, டீ குடிச்சா பேசுவ, பேசினா பொழுது பூடும். ஞாயித்துக்கிழம செயற்குழு. வேன் அனுப்பறேன், பொம்பளைங்கள இட்டுகினு வந்துடு. பிரியாணி கீதுன்னு சொல்லிடு."

எதற்குக் கூட்டம் என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்க மாட்டேன். அன்றைக்குக் கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள். அதுவரை அரசாங்கக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு, அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் நேராகப் போகலாம். இனிமேல் அப்படி இல்லை. முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே வசதி இல்லை என்று அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் தனியாருக்குப் போக முடியும். நம்முடைய கட்சிதான் ஆட்சியில் இருந்தது. சட்டம் வருவதற்கு முன்னால் எல்லா ஒன்றியமும் அதை வரவேற்றுத் தீர்மானம் போட வேண்டும் என்று தலைமையில் இருந்து எழுதியே அனுப்பிவிட்டார்கள்.

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில்தான் அந்த அட்டையை வைத்து அவருக்கு ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள். ஆட்டோவில் போய்ப் படுத்துவிட்டு ஆட்டோவில் வந்துவிடுவோம்.

"இவரும் மொதல்ல செங்கல்பட்டுக்குப் போயி சீட்டு வாங்கணுமா அண்ணே?"

"வாங்கிக்கினா போச்சு. அதுல இன்னாமா பேஜாரு?"

"ஒவ்வொரு தபாவுமா? பஸ்ஸுல போயி, வரிசைல நின்னு, சீட்டு வாங்கினு திரும்பி வந்து மிஷின்ல படுக்கறதுக்குள்ள மனுசன் வீங்கிப் பூடுவாரே."

நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினீர்கள். சர்க்கார் காசு முழுக்கத் தனியார் கல்லாவில் போய் விழுந்தால் நம்முடைய ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கட்டில் வரும், எப்படி மிஷின் வரும் என்று கேட்டீர்கள். பிறகு உங்கள் தங்கை தேவகியைப் பற்றிச் சொன்னீர்கள். அது எனக்கு முன்பே தெரியும். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் இலவச முகாம் என்று வேன் வைத்து ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனதும், வயிற்றுவலி என்று போன தேவகிக்குத் தேவையே இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்து அட்டையில் கணக்கு எழுதிக்கொண்டதும். அப்போது அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகூட இல்லை. நீங்கள் அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை. அதனாலேயே எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு வந்துவிட்டது.

"அது நியாயம் அண்ணே. இதுவும் நியாயந்தான? உங்க மிஷினு வர்ற வரைக்கும் உங்க மச்சான் இன்னா பண்ணுவாரு?"

"ஏம்மா என்னாண்ட கத்திகினு கீற? கூட்டத்துல வந்து கத்து."

விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியும்விட்டீர்கள். என் வீட்டுக்காரர், "அவன் அப்டி சொன்னான்னு நீ கத்திடாத. வர்ற தேர்தல்ல அவனுக்கு ஒன்றியத் தலைவர் சீட்டு குடுக்கப் போறாங்க. கெடுத்துடாத" என்றார். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். பதினெட்டு வயதில் கொடி கட்ட ஏணி தூக்கியவர், ஒரு முறையாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நாங்கள் எல்லாம் ஆசைப்பட்டோம். நீங்களும்தான். அண்ணி அதற்காகத் திருக்கழுக்குன்றம் மலைக்கு வேண்டிக்கொண்டிருந்தார்.

நம்முடைய கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தீர்மானத்தை நீங்கள் ஒலிபெருக்கியில் படிப்பீர்கள். "இதனைக் கரவொலி எழுப்பி நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பீர்கள். எல்லாரும் கைதட்டுவோம். தீர்மானம் நிறைவேறிவிடும். தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூடச் சத்தம் கேட்டு எழுந்து தட்டிவிட்டு மறுபடி தூங்குவார்கள். எங்கள் பெண்கள் பின்னால் இருந்து வரும் பிரியாணி வாசனையை வைத்தே இன்னும் எத்தனை தீர்மானம் பாக்கி என்று சொல்லிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து எந்தத் தீர்மானத்தின் மேலும் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

ஆனால் மற்ற ஒன்றியங்களில் இல்லாத ஒரு பழக்கம் உங்களிடம் இருந்தது. படித்து முடித்ததும், கைதட்டச் சொல்வதற்கு முன்னால், "கருத்து சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்" என்பீர்கள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைப்பீர்கள். துடைத்து முடிக்கும்வரை காத்திருப்பீர்கள். துணைச் செயலாளர் ஏகாம்பரம், "இன்னாத்துக்கு அண்ணே இதெல்லாம், சோறு ஆறிடும்" என்று முணுமுணுப்பார். நீங்கள் நிறுத்தியதில்லை. அன்றைக்கும் கண்ணாடியைக் கழற்றினீர்கள். நான் எழுந்துவிட்டேன்.

மேடைக்குப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்ததும், யார் யாருக்கு எந்த வரிசையில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது மறந்துவிட்டது. "எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க பேரெல்லாம் நான் சொல்லிட்டதா வெச்சிக்குங்க" என்றேன். கல்யாண மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் பயம் போனது.

"என் வூட்டுக்காரரு கட்டை லாரி ஓட்டினவரு. இப்போ வாரத்துக்கு ரெண்டு தபா மிஷின்ல படுத்தாத்தான் உசுரு. நான் சர்க்காரு ஆஸ்பத்திரிய வேணாங்கல. என் பேத்தி செங்கல்பட்டுல நர்சுக்குப் படிக்கிறா, தெரியுமில்ல? எங்க வம்சத்துலயே மொத நர்சு அவதான்! நான் ஏன் வேணாங்கப் போறேன்? ஆனா நீங்க சொல்றது எப்டி கீதுன்னா, நடக்க முடியாதவன, மொதல்ல நீ நடந்து காட்டு, அப்பாலிக்கா தூக்கினு போறேங்கிறாப்ல கீது. அவசரத்துக்குச் சீட்டு வேணாம்னு போடுங்க. மிஷின்ல படுக்கறவங்களுக்கு ஒவ்வொரு வாட்டியும் வேணாம்னு போடுங்க. மத்தபடி உங்க சட்டம் நல்லா இருக்கட்டும்."

இவ்வளவுதான் பேசினேன். எங்கள் பெண்கள் முதலில் தட்டினார்கள். பிறகு ஆண்கள். பிறகு மண்டபம் முழுவதும். சமையல் கட்டில் இருந்து ஒருவர் கரண்டியோடு வந்து நின்று பார்த்தார். படிக்காதவள் ஒருத்தி தைரியமாகப் பேசிவிட்டாளே என்று தட்டினார்கள், அவ்வளவுதான். ஊரில் சின்னப் பிள்ளைகள் ஆடினால் தட்டுவோமே, அது மாதிரி. எனக்கே அது தெரியும்.

நீங்கள் மட்டும் தட்டவில்லை. கண்ணாடி கையிலேயே இருந்தது. கைதட்டல் ஓயும்வரை நின்றீர்கள். ஓய்ந்த பிறகும் நின்றீர்கள். பிறகு ஒலிபெருக்கிக்கு வந்து சொன்னீர்கள்.

"திருத்தத்தோட நிறைவேறிடுச்சு."

ஏகாம்பரம் துள்ளி எழுந்தார். "அண்ணே, இன்னா சொல்றீங்க? அது சரோஜாம்மா நல்லா பேசிச்சின்னு தட்டுனது!"

"நான் தீர்மானத்த படிச்சனா?"

"படிச்சீங்க."

"கருத்து கேட்டனா?"

"கேட்டீங்க, அது சும்மா..."

"ஒரு கருத்து வந்துது. எல்லாரும் தட்டுனீங்க. நம்ம கட்சில தட்டுனா இன்னாய்யா அர்த்தம்?"

"அண்ணே, இது சும்மா தட்டுனது அண்ணே."

"அப்போ இத்தினி வருசமா நாம நிறைவேத்தினதெல்லாம்? அதுவும் சும்மா தட்டுனதுதானா? சொல்லு ஏகாம்பரம். அப்டின்னா எல்லாத்தையும் எடுத்துகினு வா, இங்கயே கீச்சிப் போட்டுடலாம்."

"இந்தத் திருத்தம் வேணாங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றீர்கள். ஒருவரும் தூக்கவில்லை. வேண்டும் என்று நினைத்துத் தூக்காமல் இருந்தார்களா, கையைத் தூக்கிப் பழக்கம் இல்லாததால் தூக்காமல் இருந்தார்களா, அது அவரவருக்கே தெரியும். ஏகாம்பரத்தின் கை இடுப்புவரை வந்து நின்றுவிட்டது. நான் பார்த்தேன்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களிலேயே அந்தத் திருத்தத்துக்கு மிக உறுதியாக எதிராக இருந்தவர் நீங்கள்தான். அங்கே அது எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டில் உட்கார்ந்து தேவகியைப் பற்றிச் சொன்ன அந்தக் குரல் என் காதிலேயே இருந்தது. "சரி சரி, அது சும்மா தட்டுனதுதான்" என்று ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். உங்கள் கருத்தும் ஜெயித்திருக்கும், தேர்தல் சீட்டும் கிடைத்திருக்கும். நான்கூடக் கோபப்பட்டிருக்க மாட்டேன். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கத் துணிவு வரவில்லை. கோயிலில் பேசாமல் நிற்போமே, அப்படி நின்றேன்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் மாவட்டக் கூட்டம். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டீர்கள். வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தீர்கள்.

"கோவமா அண்ணே?"

"கோவமில்ல. மனப்பாடம் பண்ணிகினு கீறேன்."

"இன்னாத்த?"

"நீ பேசினத. மாத்தி கீத்தி சொல்லிட்டா நீ வுட்ருவியா?"

ஏரிக்கரைச் சாலையில் இருந்த அந்த மண்டபத்தில் எல்லா ஒன்றியத்துக்காரர்களும் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, ஒருமனதாக நிறைவேறியது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். உங்கள் முறை வந்தது. "திருத்தத்தோட நிறைவேறியிருக்கு" என்றீர்கள். மாவட்டச் செயலாளர் முதலில் காதில் விழாதவர் போல இருந்தார். பிறகு கேட்டார்.

"தலைமை எழுதி அனுப்புனத திருத்தறதுக்கு நீ யாருய்யா?"

"நான் யாருமில்லீங்க. ஒன்றியம் கைதட்டிச்சு."

"உன் சொந்தக் கருத்து இன்னா? அதச் சொல்லு."

நீங்கள் உண்மையைச் சொன்னால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். உண்மையைத்தானே சொல்லப்போகிறீர்கள், அதில் தப்பும் இல்லை.

"சொந்தக் கருத்த வூட்ல வெச்சிட்டு வந்துட்டேங்க. வண்டில எடமில்ல."

யாரோ சிரித்தார்கள். மாவட்டச் செயலாளர் சிரிக்கவில்லை. அவருக்கு உங்களை நன்றாகத் தெரியும். "உன் தங்கச்சிக்கு நடந்தத மறந்துட்டியா? அதுக்கோசரம்தான்யா இந்தச் சட்டமே" என்றார்.

அண்ணே, அந்த இடத்தில் நான் எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தீர்கள். மூடியைத் திருகி மூடினீர்கள்.

"மறக்கலீங்க. தப்பு பண்ணவன புடிக்கணும்னா அவன் ஆஸ்பத்திரிக்குள்ள போயி புடிங்க. அதுக்கு ஆளு போடுங்க, நானே கூட வரேன். நோயாளிய பஸ்ஸுல ஏத்தி எறக்கினா அவன் மாட்ட மாட்டான். நோயாளிதான் மாட்டுவான்."

இதை நான் பேசவில்லை. எனக்குத் தோன்றவும் இல்லை. என் பேச்சை மனப்பாடம் செய்ததோடு நிற்காமல், உங்கள் சொந்த வாதத்துக்கு உங்களாலேயே பதில் கண்டுபிடித்து அதை என் பக்கம் சேர்த்து வைத்திருந்தீர்கள். அதற்கு மேலும் பேசினீர்கள். கடலில் தொழிலுக்குப் போகிறவனுக்கு அடிபட்டால் கரையில் இருந்து எந்த ஆஸ்பத்திரி பக்கம், முட்டுக்காட்டில் இருந்து எவ்வளவு தூரம், செய்யூரில் இருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி எல்லாம் உங்களுடைய கேள்விகள்தான். அதனால் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உங்களிடம் பதில் இருந்தது.

திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் டீ குடித்தோம். நீங்கள் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டே சொன்னீர்கள்.

"இப்பவும் சொல்றேன். நீ சொன்னது தப்பு."

"அப்போ ஏன் அண்ணே அந்தப் பேச்சு பேசினீங்க?"

"வேணா வெறுப்பா பேசியிருந்தா தோத்துப் பூடும். தோத்தா, நான்தான் வேணும்னு தோக்கடிச்சேன்னு எனக்கே தோணும். அப்பாலிக்கா நான் எப்டி ஒம் புருசன் மூஞ்சில முழிக்கறது?"

அவ்வளவுதான். இன்னொரு பன் வாங்கிக்கொண்டீர்கள்.

சட்டம் வந்தபோது அதில் இரண்டு விலக்கு இருந்தது. அவசரத்துக்குச் சீட்டு வேண்டாம். தொடர்ந்து சிகிச்சை எடுப்பவர்கள் ஒரு முறை வாங்கினால் போதும். அது நம்மால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வேறு ஊர்களிலும் யாராவது பேசியிருப்பார்கள். கீர்த்தனாதான் கைப்பேசியில் பார்த்துப் படித்துக் காட்டினாள். என் வீட்டுக்காரர் உடனே சட்டையைப் போட்டுக்கொண்டு, உங்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார்.

ஒன்றியத் தலைவர் சீட்டு ஏகாம்பரத்துக்குப் போனது. எங்கள் பெண்கள் வேனில் ஏற மாட்டோம் என்றார்கள். நானும்தான் சொன்னேன். நீங்கள் தெருவில் நின்று எங்களைத் திட்டினீர்கள். "சீட்டு எனக்கு வந்திருந்தா அவன் எனக்கு வேல செஞ்சிருப்பான். ஏறுங்கடி!" முதலில் ஏகாம்பரம் வார்டில் கவுன்சிலராக ஜெயிக்க வேண்டுமே என்று, வெயிலில் அவருக்கு முன்னால் நடந்து வீடு வீடாகக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டீர்கள். ஏகாம்பரம் ஜெயித்த அன்று மாலையை உங்கள் கழுத்தில் போட வந்தார். நீங்கள் அதை வாங்கி அவருக்கே போட்டுவிட்டு, "போயி வேலையப் பாரு" என்றீர்கள். அந்த மனிதர் அன்றைக்கு அழுததை ஊரே பார்த்தது.

பிறகு உங்களுக்கே உடம்புக்கு வந்தது. ஆம்புலன்சில் ஏற்றியதும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்களாம். அவசரம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் நேராகப் போயிருக்கலாம். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னீர்கள். நான் பார்க்க வந்தபோது கண்ணைத் திறந்ததும் என்னைக் கிண்டல் செய்யத்தான் தோன்றியது உங்களுக்கு.

"உன் திருத்தத்துல நான் நேரா தனியாருக்குப் போயிருக்கலாம்மா. போவல பாரு."

"பிடிவாதம் அண்ணே உங்களுக்கு."

"பிடிவாதமில்ல. நான் சொன்ன எடத்துல நான் படுக்கலன்னா வேற எவன் படுப்பான்?" மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னீர்கள். "உன் பேத்தி ஊசி போட்டா, தெரியவே இல்ல. நல்ல வேள, அவளுக்கு உன் வாயி வரல."

நான் ஊர் முழுக்க அதைச் சொல்லி முடித்துவிட்டேன். வாய் வரவில்லை என்றதை விட்டுவிட்டு, ஊசி தெரியவில்லை என்றதை மட்டும். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சிலது நம் கையில் இல்லை. கடைசி நாளில் கீர்த்தனா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் சுத்திகரிக்கும் மிஷின் வந்துவிட்டது. நம்ப மாட்டேன் என்று நானே போய்ப் பார்த்தேன். உங்கள் மச்சான் இப்போது அங்கேதான் படுக்கிறார். ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேண்டும் என்று நர்சுகளோடு சண்டை போடுகிறார். பாதி நீங்கள் சொன்னது சரிதான் அண்ணே. இதை உங்களிடம் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

போன வாரம் ஏகாம்பரம் வந்தார். இப்போது அவர்தான் ஒன்றியச் செயலாளரும். முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற விதியையே மொத்தமாக எடுத்துவிடப் போகிறார்களாம். அதை வரவேற்றுத் தீர்மானம் வந்திருக்கிறது. "யம்மா, நீ அன்னிக்கி பேசினதுதான் இப்போ நடக்குது. சந்தோசமா?" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த மிஷின் நினைவு வந்தது. காசு பழையபடி தனியாருக்கே போய்விட்டால் அடுத்த மிஷின் எங்கே இருந்து வரும்? இலவச முகாம் என்று வேன் வந்தால் யார் தடுப்பது? இதை எல்லாம் கேட்க நம் ஒன்றியத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் இப்போது போஸ்டரில் இருக்கிறார்.

"கூட்டத்துல கருத்து கேப்பியா ஏகாம்பரம்?" என்று கேட்டேன். "அண்ணன் கேட்டத நான் கேக்காம வுட முடியுமா?" என்றார்.

நேற்று உங்கள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் உன் விஷயத்தைச் சொல்லலாமா என்று தேவகியிடம் கேட்டேன். முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "பேரச் சொல்லியே சொல்லுங்க அக்கா" என்றாள். சொன்ன பிறகும் உரிப்பதை நிறுத்தவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் மச்சான், "நீ இப்போ யாரு பக்கம்டி?" என்று கேட்கிறார். என் பக்கம்தான் அண்ணே. நீங்கள் சொன்னதில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நடக்க முடியாதவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. ஆனாலும் உங்கள் பக்கத்தை ஒரு சொல் குறையாமல் எழுந்து பேசப் போகிறேன். பெரியவர்கள் பெயரை எல்லாம் இந்த முறை வரிசையாகச் சொல்ல வேண்டும். கல்லாவைப் பற்றி, கட்டிலைப் பற்றி, எல்லாம் எனக்கு வருகிறது. தேவகியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் குரல் உயர்ந்துவிடுகிறது. நீங்கள் அன்று சொன்னது போல உயர்த்தாமல் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும்.

உங்கள் தங்கச்சி முறை,
சரோஜா